வெள்ளம் சூழ்ந்த ஊரில் மருத்துவம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில், ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் குளமுமாக இருக்கும் ஊர்களில் மழைக்கால மருத்துவ ஏற்பாடுகளைச் சில வருடங்களாகச் செய்து பார்த்து, புதிதாக வருகிறவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்து எழுதுவது இது. இதைச் செய்ய டாக்டராக இருக்க வேண்டாம். ஊராட்சி, இளைஞர் மன்றம், மகளிர் குழு என்று யார் வேண்டுமானாலும் கையில் எடுக்கலாம். மலைக் கிராமத்துக்கும் கடலோரக் குப்பத்துக்கும் சின்ன மாற்றங்களோடு இதே வரிசை பொருந்தும்.

எத்தனை நாளுக்குத் திட்டமிடுவது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்ட செந்தூர் எக்ஸ்பிரஸின் பயணிகள் எல்லோரும் வெளியே வர ஏறத்தாழ இரண்டு நாள் ஆனது. ரயில் நிலையத்துக்கே அந்தக் கதி என்றால், வாய்க்கால் தாண்டி உள்ளே கிடக்கும் ஊர்களைக் கேட்கவே வேண்டாம். ஆள் வர 5 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு மட்டும் 14 நாள் கணக்கு. தண்ணீர் வடிந்த மறுநாளே பஸ்ஸும் ஓடாது, மருந்துக்கடையும் திறக்காது.

வேலையின் அளவைத் தொடக்கத்திலேயே சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாருக்கும் வைத்தியம் செய்யப் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சை அறுந்துபோகாமல் பார்க்கப் போகிறீர்கள். வெளியே போயே ஆகவேண்டியவரைப் பாதை இருக்கும்போதே அனுப்பப் போகிறீர்கள். அவ்வளவுதான். அதுவே போதுமான வேலை.

1. முதலில் ஆள் பட்டியல் (செப்டம்பரில்)

புதிதாகத் தொடங்குகிற குழுக்கள் எல்லாமே முதலில் மருந்துப் பெட்டி வாங்கத்தான் ஓடுகின்றன. நன்கொடையாளருக்கும் பெட்டியோடு போட்டோ எடுப்பது பிடிக்கும். ஆனால் யாருக்கு என்ன தேவை என்று தெரியாமல் வாங்கிய பெட்டியில் ஐந்நூறு பாராசிட்டமால் இருக்கும், ஒரு இன்சுலின் ஊசி இருக்காது.

பட்டியலில் வரவேண்டியவர்கள்: கர்ப்பிணிகள் (பிரசவத் தேதியோடு), பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், வலிப்பு, காசநோய், ஆஸ்துமா உள்ளவர்கள், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள்.

பெரும்பாலான பெயர்கள் ஊரின் கிராம சுகாதார செவிலியரிடமும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலரிடமும் ஏற்கெனவே இருக்கும். அவர்களை விட்டுவிட்டுத் தனிப் பட்டியல் போடாதீர்கள். அவர்களோடு சேர்ந்து வீடு வீடாகப் போங்கள்.

அப்படிப் போனாலும் தவறிப்போகிறவர்கள் உண்டு. எங்களுக்கு முதல் வருடம் தவறியது, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த ஒரு பெண். பதிவும் பிக்மி எண்ணும் (கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்) புருஷன் ஊரில். எங்கள் ஊர் ரேஷன் கார்டிலும் பெயர் இல்லை. வளைகாப்பு முடிந்து அவள் இங்கே வந்தது தெருவுக்கே தெரியும், பட்டியலுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து, ‘வீட்டில் யாருக்கு என்ன நோய்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இப்போது இந்தக் கூரைக்குக் கீழே எத்தனை பேர் படுத்து எழுந்திருக்கிறீர்கள்’ என்று கேட்கிறோம். செங்கல் சூளையிலும் வாழைத்தோட்டத்திலும் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் இதே காரணத்தால் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. அங்கேயும் போங்கள்.

இன்னொன்று, ரகசியம். காசநோய், மனநோய், எச்.ஐ.வி. போன்றவற்றைப் பட்டியலில் நோயின் பெயராக எழுதாதீர்கள். ‘தினசரி மாத்திரை, நிற்கக் கூடாது’ என்று எழுதினாலே போதும். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. இரண்டு காகிதப் பிரதிகள்: ஒன்று செவிலியரிடம், ஒன்று உங்களிடம், இரண்டும் பிளாஸ்டிக் உறையில். ஒரு தடவை ஊரில் கசிந்துவிட்டால் அடுத்த வருடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

2. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

சிவப்பு: மழைக்கு முன்பே ஊரை விட்டுப் போகவேண்டியவர்கள். பிரசவத் தேதிக்கு இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்கள், இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன் ஆனவர்கள், கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், ஆக்சிஜனில் இருப்பவர்கள்.

ஆக்சிஜன்காரர்களைச் சிவப்பில் வைக்கும்போது வீட்டார் ‘இன்வெர்ட்டர் இருக்கே’ என்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கருவி) சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் இருக்கும் 150 ஏ.ஹெச். பேட்டரி அதை நான்கு மணி நேரம் ஓட்டினாலே பெரிது. பி டைப் சிலிண்டரில் இருப்பது சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். 5 நாளைக்கு எத்தனை சிலிண்டர் என்பதை அவர்களே பெருக்கிக்கொள்வார்கள்.

மஞ்சள்: ஊரில் இருக்கலாம், ஆனால் ஒரு நாள்கூட மருந்து நிற்கக் கூடாது. இன்சுலின், வலிப்பு, காசநோய், ஸ்டென்ட், ஸ்டீராய்டு, மனநலம் எல்லாம் இதில் வரும்.

பச்சை: மாத்திரை சாப்பிடுகிற மற்றவர்கள், தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும்.

இந்தப் பிரிப்பைச் செவிலியர் அல்லது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்தான் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். உங்களுக்காக இல்லை. ‘டாக்டரே போகச் சொல்லி எழுதியிருக்கிறார்’ என்று அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் பல வீடுகளில் ஆள் கிளம்பும்.

3. அவரவர் மருந்து, அவரவர் உறையில் (அக்டோபர் முதல் வாரம்)

அரசு மருந்து மாதாமாதம் வருகிறது. சிக்கல் என்னவென்றால், மழை மாதக் கடைசியில் வந்தால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மாத்திரை தீர்ந்திருக்கும். அதனால் அக்டோபர் தவணையிலேயே கூடுதலாக 14 நாள் மருந்து கேட்டு வாங்கி வைக்க டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ‘மழைக்கால இருப்பு’ என்று சொல்லி, பெயர்ப் பட்டியலோடு, செப்டம்பரிலேயே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். மழை அறிவிப்பு வந்தபின் கேட்டால் அவர்களிடமும் இருக்காது.

மஞ்சள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ஜிப் உறை. உள்ளே 14 நாள் மருந்து, சீட்டின் நகல், காலை, மதியம், இரவு எத்தனை என்று பெரிய எழுத்தில் ஒரு தாள். மாத்திரை அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளை மாத்திரை, சின்னது’ என்ற வர்ணனையை வைத்து எந்த டாக்டராலும் போனில் ஒன்றும் சொல்ல முடியாது.

ஏன் நிற்கக் கூடாது என்பதை வீட்டாருக்கு விளக்குங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் அடுக்கடுக்காக வலிப்பு வரலாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி கூடும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தக்கட்டுத் தடுப்பு மாத்திரையை விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டவர் நிறுத்தினால் மயங்கி விழலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘அதே பி.பி. மாத்திரைதானே’ என்று கடன் வாங்குவதும் நடக்கும். கண்டிப்பாகத் தடுங்கள்.

4. இன்சுலினுக்குத் தனிக் கவனம்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், நான் பார்த்ததிலேயே அதிகமான தவறுகள் இங்கேதான்.

முதல் தவறு ஊசியில். நம்மிடம் அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. நிவாரணத்தில் வரும் ஊசி எது என்று யாரும் பார்ப்பதில்லை. 40 குப்பியை ஆரஞ்சு ஊசியில் வழக்கமான கோடு வரை இழுத்தால் பாதி மருந்துகூடப் போகாது. 100 குப்பியைச் சிவப்பு ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறும். அது உயிரை எடுத்துவிடும். குப்பியையும் அதற்குரிய ஊசியையும் ஒரே உறையில் போட்டு, மூடியின் நிறத்தை உறைமேல் எழுதுங்கள்.

இரண்டாவது, குளிர்ச்சி. கரண்ட் போனதும் ‘ஃபிரிட்ஜ் ஓடல, மருந்து கெட்டுப்போச்சு’ என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பி வெயில் படாத, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். அட்டையில் போட்டிருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பாத்திரம், அதில் உறையோடு குப்பி, மேலே ஈரத்துணி. இது போதும். மீன் ஐஸில் நேராகப் புதைப்பதுதான் கெடுதல். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

மூன்றாவது, சாப்பாடு. வெள்ளத்தில் நேரத்துக்குச் சோறு கிடைக்காது, ஆனால் கடிகாரத்தைப் பார்த்து ஊசி போட்டுவிடுவார்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரைக்காரர்களுக்கும் இதே ஆபத்து. ‘சாப்பாடு குறைந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும், எதை விட வேண்டும்’ என்று டாக்டரிடம் அக்டோபரிலேயே கேட்டு உறைமேல் எழுதிவிடுங்கள். சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடாவிட்டாலும் முழுவதும் நிறுத்தக் கூடாது. அதனால்தான் ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்கச் சொல்கிறேன்.

வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியில் 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

5. ஊர்ப் பெட்டி

இப்போது பெட்டி. ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, பாராசிட்டமால், பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, தெர்மாமீட்டர், பேட்டரியில் ஓடும் பி.பி. கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி (பட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் செத்திருக்கும்), டார்ச், குளோரின் மாத்திரை, சீல் உடைக்காத பிரசவ உறை (பிரசவத்துக்கு வேண்டிய சுத்தமான பொருள்கள் உள்ளது).

வைக்கக் கூடாதது: ஆன்டிபயாட்டிக், வலி ஊசி, டிரிப் பாட்டில். ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று வைத்தால் யாராவது போட்டுவிடுவார்கள். செவிலியர் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே பெட்டி வேண்டாம், இரண்டு. ஊருக்கு நடுவே ஓடை இருந்தால் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. நடுவில் ஓடும் ஓடைதான் முதலில் பெருகும். எங்கள் பெட்டி முதல் தடவை ஒரு பொது அலுவலகத்தின் பீரோவில் கீழ்த்தட்டில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் மகள் வீட்டுக்கு மதுரை போயிருந்தார். இப்போது மாடி வீடாகப் பார்த்து வைக்கிறோம். வருடம் முழுக்க வீட்டில் ஒரு ஆச்சி இருப்பார் என்றால் அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

6. இடம், மின்சாரம், சேதி

மருத்துவத்துக்கு ஒரு அறை தனியாக வேண்டும். பள்ளிக்கூட மாடி பெரும்பாலும் ஒத்துவரும். முகாம் நடக்கும் அதே கூடத்தில் மூலையில் ஒரு பெஞ்சு போட்டால், காய்ச்சல்காரரும் கைக்குழந்தையும் பக்கம் பக்கமாக இருப்பார்கள். பெண்களைப் பரிசோதிக்கவும் மறைவு இருக்காது.

மின்சாரத்துக்கு டிராக்டர் பேட்டரி, சோலார் விளக்கு, நாலு பவர் பேங்க். ஜென்செட் இருந்தால் மாடிக்கு ஏற்றி, காற்றோட்டமான திறந்தவெளியில் மட்டும் ஓட்டுங்கள். மழைக்குப் பயந்து அறைக்குள் வைத்து ஓட்டினால் புகையிலேயே ஆள் போய்விடும்.

சேதிதான் கஷ்டம். டவர் போய்விட்டால் போன் வெறும் டார்ச். சிக்னல் ஒரு கோடு வந்து போகும் நிலையில் அழைப்பைவிட எஸ்.எம்.எஸ். போவதற்கு வாய்ப்பு அதிகம். ஊரில் எந்த மொட்டை மாடியில், எந்தக் கம்பெனி சிக்னல் கடைசிவரை நிற்கிறது என்பதை முந்தைய மழையிலேயே குறித்து வையுங்கள். எதுவும் இல்லையென்றால் காவல் நிலைய மைக்தான் (வயர்லெஸ்) வழி. அங்கே நடந்தோ நீந்தியோ சேதி கொண்டுபோக இரண்டு பையன்களை முன்பே பேசி வையுங்கள். இருவரும் சேர்ந்தே போகவேண்டும், தனியாக ஒருவன் கூடாது.

எண்கள் சுவரில் பெயின்ட்டில் இருக்கட்டும்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

சேதியை இப்படி எழுதப் பழக்குங்கள்: ஊர், தெரு, ஆள் (வயது, ஆணா பெண்ணா), என்ன பிரச்சினை, எத்தனை மணியிலிருந்து, எந்தப் பக்கமிருந்து வரமுடியும், ஆள் படுத்தா உட்கார்ந்தா வருவார். ‘எங்க ஊர்ல நிறைய பேருக்கு உடம்பு சரியில்ல, காப்பாத்துங்க’ என்ற சேதி கட்டுப்பாட்டு அறைக்கு நூறு வந்திருக்கும். ‘34 வார கர்ப்பிணி, பனிக்குடம் உடைந்து 2 மணி நேரம், கிழக்குக் கரையில் படகு அணையும்’ என்ற சேதிக்குத்தான் படகு கிளம்பும்.

படகு என்றதும் மீட்புப் படைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023-ல் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்களின் படகுகள் லாரியில் ஏறி உள்நாட்டு ஊர்களுக்கு வந்தன. பக்கத்துக் கடலோர ஊரில் ஒரு ஃபைபர் படகுக்காரரையும் ஒரு லாரிக்காரரையும் அக்டோபரிலேயே பேசி வைத்து, டீசல் காசு யார் தருவது என்பதையும் தீர்த்துவிடுங்கள். நள்ளிரவில் பேரம் பேச முடியாது.

7. மழைக்கு 48 மணி நேரம் முன்பு

எப்போது கிளப்புவது என்பதை அன்றைய மனநிலைக்கு விடாதீர்கள். முன்பே விதி போடுங்கள். எங்கள் விதி: வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், அதாவது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை வரும் என்றால், சிவப்புப் பட்டியல் கிளம்பும். ஆரஞ்சு எச்சரிக்கை மட்டும் என்றாலும் குளம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் கிளம்பும். பாபநாசம், மணிமுத்தாறு அணைத் திறப்பு அறிவிப்புக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 2023-ல் அணைத் தண்ணீரோடு, கீழே பெய்த மழையே ஊர்களை மூழ்கடித்தது.

கர்ப்பிணிகளை முன்கூட்டி நகர்த்துவது புது யோசனை இல்லை. 2024 அக்டோபரில் டானா புயலுக்கு முன் ஒடிசா அரசு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை மருத்துவமனைகளுக்கும் பிரசவ மையங்களுக்கும் மாற்றியது. நம் ஊரிலும் சுகாதாரத் துறை இதைச் செய்கிறது. உங்கள் வேலை, வண்டி வரும்போது ஆள் தயாராக இருக்கச் செய்வது.

அதுதான் நடக்காது. ‘அண்ணாச்சி, நான் போயிட்டா ஆட்டை யாரு பாப்பா?’ என்று ஒரு டயாலிசிஸ் நோயாளி என்னிடம் கேட்டார். எச்சரிக்கை, புள்ளிவிவரம் எதுவும் அவரை அசைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனபின்தான் வண்டி ஏறினார். மறுப்பவர்களிடம் பயம் காட்டுவதில் நேரம் போகும். என்ன தடை என்று கேளுங்கள்: ஆடு, மாடு, பீரோ சாவி, கூட யார் வருவது, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கையில் காசு. இந்த ஆறில் ஒன்றாகத்தான் இருக்கும். தீர்த்துவிட்டால் கிளம்பிவிடுவார்கள்.

டயாலிசிஸ்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அடுத்த முறையை ஒரு நாள் முன்னதாக வைக்க முடியுமா என்று மையத்தில் கேளுங்கள். சில இடங்களில் சம்மதிப்பார்கள்.

8. தண்ணீர் சூழ்ந்த பிறகு

தினமும் இரண்டு சுற்று, காலை ஏழுக்கும் மாலை நாலுக்கும். இருட்டில் சுற்றக் கூடாது. மஞ்சள் வீடுகளில் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டால் ‘சாப்ட்டேன்’ என்பார்கள். அட்டையை வாங்கி எண்ணுங்கள். யாரைப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் கரைந்துவிடும்.

உடனே வெளியே சேதி அனுப்ப வேண்டியவை: கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு கண் மங்கல், வலிப்பு, பனிக்குடம் உடைதல், குழந்தை அசைவு குறைதல். மற்றவர்களுக்கு நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், மூச்சுத்திணறல், சிறுநீர் வராமல் இருத்தல். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் அப்படித்தான்.

நகர முடியாத பிரசவம்: செவிலியரைப் படகில் கொண்டுவருவதே முதல் முயற்சி. அதற்குள் குழந்தை வந்துவிட்டால், துடைத்து உலர்த்தி, தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாகப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். புது பிளேடு இல்லையென்றால் கொடியை அறுக்க அவசரம் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நஞ்சுக்கொடியை இழுக்காதீர்கள். தொப்புளில் சாம்பல், மஞ்சள் என்று எதையும் பூச விடாதீர்கள். சீக்கிரம் பால் கொடுக்கச் செய்யுங்கள்.

பாம்புக்கடி: தண்ணீர் ஏறினால் நாம் தேடும் அதே மேட்டைப் பாம்பும் தேடும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை என்று வரும். ‘வாய்வு’ என்று சொல்லிச் சோடா கொடுத்துவிடாதீர்கள். கடிபட்டவரின் மெட்டி, மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள், கடிபட்ட கால் அல்லது கையை அசையாமல் வையுங்கள், நேரத்தைக் குறியுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். இருக்கும் முதல் படகு அவருக்குத்தான். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கும், ஆனால் எந்த நிலையத்தில் டாக்டரும் மருந்தும் இருக்கிறார்கள், எது தண்ணீரில் நிற்கிறது என்று 104-ல் கேட்டபின் படகைத் திருப்புங்கள். முகாமில் தரையில் படுப்பவர்களுக்குப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கொடுப்பது நல்ல தடுப்பு.

நிவாரணச் சாப்பாடு: யாரும் யோசிக்காத விஷயம் இது. எங்கள் பக்கம் வாழைத்தோட்டம் சாய்ந்துவிட்டால் முகாமில் பழத்துக்குப் பஞ்சமே இருக்காது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்தக்கூடும். ஊரில் தங்கிவிட்ட டயாலிசிஸ் நோயாளி இருந்தால் தண்ணீர் அளவு, உப்பு, பழம் மூன்றையும் ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பரிதாபப்பட்டு இளநீர் வெட்டிக் கொடுப்பவர்கள் நிறைய.

9. குடிதண்ணீர்

இரண்டாம் நாளே வயிற்றுப்போக்கு தொடங்கும். மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது நல்ல பவுடருக்கும் தெளிந்த தண்ணீருக்குமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். கலங்கிய தண்ணீருக்கும் திறந்து கிடந்த பழைய மூட்டைக்கும் இது பத்தாது. அதனால் கிராமை நம்பாமல் சோதனையை நம்புங்கள்: ஒரு மணி நேரம் கழித்து, தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. காட்ட வேண்டும். சோதனைக் கருவி டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும்.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுவதுதான் வழக்கமான தவறு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ‘வாடை அடிக்குது’ என்று மக்கள் குடிக்க மறுத்துக் கிணற்றுத் தண்ணீருக்குப் போவார்கள். பிடித்து வைத்து அரை நாள் கழித்துக் குடித்தால் வாடை குறையும் என்று சொல்லுங்கள்.

பேதி ஆனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடக் கூடாது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி.

10. தண்ணீர் வடிந்தபின் இரண்டு வாரம்

எல்லோரும் சேறு அள்ளப் போய்விடுவார்கள், இந்த வேலையை அப்போது மறந்துவிடுகிறோம். சேற்றில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். தடுப்பு மாத்திரை கொடுப்பதாக இருந்தால் சுகாதாரத் துறையே கொடுக்கட்டும். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் அந்த மாத்திரை ஆகாது. ஆணி, தகரம் கிழித்தவர்களுக்குத் தடுப்பூசி போட ஒரு நாள் முகாம் கேளுங்கள்.

நனைந்த மாத்திரையைக் காயவைத்து எடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அட்டையில் தண்ணீர் புகுந்திருந்தால் தூக்கிப் போடச் சொல்லி, புது மருந்து வாங்கிக் கொடுங்கள். சீட்டும் மருத்துவப் புத்தகமும் நனைந்து போனவர்களுக்கு நீங்கள் எடுத்து வைத்த போட்டோதான் சீட்டு.

அப்புறம் பட்டியலை எடுத்துத் திரும்ப ஒரு சுற்று போங்கள். சிவப்பில் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்களா, யாருக்கு டயாலிசிஸ் தவறியது, யார் உறையில் எத்தனை நாள் மருந்து மிச்சம் என்று எழுதுங்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பெண் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாளா என்று கேட்டு, பெயரை அடியுங்கள். இன்னும் போகவில்லை என்றால் அந்த வரியில் குழந்தையின் பெயரைச் சேருங்கள்.